வேக் கவுன்டி: 1976 இணைப்பு முதல் இன்றைய 'கேப்' வரை, பள்ளி எல்லை ஏன் நகர்ந்துகொண்டே இருக்கிறது?

#1 தேன்மொழி_ஏபெக்ஸ்

வட கரோலினாவின் வேக் கவுன்டிக்குக் குடிவரும் நம் ஆட்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு எதிரிலேயே பள்ளி இருக்கும். கேட்டால் "கேப் (சேர்க்கைக்கு உச்சவரம்பு) போட்டாச்சு, இடமில்லை" என்று சில மைல் தள்ளி ஓர் ஓவர்ஃப்ளோ பள்ளியை, அதாவது இடம் கிடைக்காதவர்களை அனுப்பும் மாற்றுப் பள்ளியை, காட்டுவார்கள். அடுத்த தெருவுக்கு வேறு பள்ளி. இரண்டு வருடம் போனால் எல்லையே மாறுகிறது. நியூஜெர்சியிலிருந்து வருபவர்களுக்கு இது பிடிபடுவதே இல்லை. அங்கே எடிசன் என்றால் எடிசனுக்கென்று ஒரு பள்ளி மாவட்டம், ஊர் எல்லைதான் பள்ளி எல்லை. இங்கே ஏபெக்ஸ், கேரி, மோரிஸ்வில், ராலி, செபுலன் எல்லாம் ஒரே பள்ளி போர்டின் (தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு) கீழ், சுமார் 1,60,000 பிள்ளைகள்.

ஏன் இப்படி ஒரே மாவட்டம் ஆனது? எல்லை ஏன் நிலைப்பதில்லை? இயர்ரவுண்டில் (நீண்ட கோடை விடுமுறை இல்லாமல் ஆண்டு முழுக்க நடக்கும் பள்ளி) நான்கு ட்ராக், அதாவது முறைவைத்து விடுமுறை எடுக்கும் நான்கு குழுக்கள், எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு எழுதுங்கள். எந்தப் பள்ளிக்கு என்ன ரேட்டிங் என்ற பேச்சுக்கு வேறு இழை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

#2 பழையதாள்

முதலில் இணைப்பு. 1976 ஜூலை 1 வரை இங்கே இரண்டு மாவட்டங்கள் இருந்தன: ராலி நகரப் பள்ளிகள், வேக் கவுன்டிப் பள்ளிகள். நகர மாவட்டத்தில் வெள்ளையர் குடும்பங்கள் புறநகருக்கு நகர, நடு ராலியில் வகுப்பறைகள் காலியாகிக்கொண்டிருந்தன. அதே நேரம் புறநகரில் பிள்ளைகளை உட்காரவைக்க இடம் போதவில்லை. ஒருபுறம் காலி நாற்காலி, மறுபுறம் ட்ரெய்லர் வகுப்பு (வளாகத்தில் கொண்டுவந்து வைக்கும் தற்காலிக அறை), நடுவில் ஒரு நிர்வாகக் கோடு.

1973இல் வாக்காளர்களிடம் கருத்து கேட்டார்கள். அது கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பு. பெரும்பான்மையோர் இணைப்பு வேண்டாம் என்றார்கள். அதையும் மீறி, ராலியின் வணிகப் பெரும்புள்ளிகளும் கல்வித் தலைவர்களும் அழுத்தம் கொடுக்க, மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டு இணைத்தது. இணைந்த மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள்.

இதன் எடை புரிய 1974ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு டெட்ராய்ட் வழக்கில் (மில்லிக்கன் எதிர் பிராட்லி) உச்ச நீதிமன்றம், நகரத்தில் இனப் பாகுபாடு நடந்தது என்பதற்காகப் புறநகர் மாவட்டங்களைச் சேர்த்து ஒரு தீர்வை நீதிமன்றம் திணிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதாவது, மாவட்டக் கோடு சட்டப்படி ஒரு மதில் ஆகிவிட்டது. சார்லட் 1960இலேயே மெக்லன்பர்க் கவுன்டியோடு சேர்ந்திருந்ததால்தான், 1971 ஸ்வான் தீர்ப்பு (இனப் பிரிவினையை நீக்கப் பிள்ளைகளைப் பஸ்ஸில் வேறு பள்ளிக்கு அனுப்ப உத்தரவிடலாம் என்றது) அங்கே கவுன்டி முழுக்கச் செல்லுபடியானது. ராலி தனியாகவே நின்றிருந்தால், இன்று நகரம் ஏழையாகவும் சுற்றுவட்டம் செழிப்பாகவும் கோடு போட்டுப் பிரிந்திருக்கும். அப்படிப் பிரிந்துபோன ஊர்கள் இந்த நாட்டில் நிறைய.

#3 கார்னர்_வாசகன்

ஒரு சந்தேகம் ஐயா. 'பள்ளி இணைப்பு' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பிள்ளை குறைந்த பள்ளியை மூடிப் பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பதுதான். இது அது இல்லையே?

#4 பழையதாள்

நல்ல கேள்வி. இரண்டும் வேறு, சட்டமும் வேறு.

மாவட்ட இணைப்பில் பள்ளிகள் அப்படியே இருக்கும். போர்டு, சூப்பரின்டென்டென்ட் (மாவட்டத்தின் தலைமை நிர்வாகி), கணக்கு, பஸ், எல்லை வரையும் அதிகாரம் ஆகியவை ஒன்றாகும். வட கரோலினாவில் இதற்கு வழிகள் சில: சம்பந்தப்பட்ட போர்டுகளே ஒத்துக்கொண்டு திட்டம் போடலாம், கவுன்டி கமிஷனர்கள் (கவுன்டியை நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்) முன்னெடுக்கலாம், அல்லது சட்டமன்றம் தனிச் சட்டம் போடலாம். டர்ஹம் 1992இல் நகரமும் கவுன்டியுமாகச் சேர்ந்தது. கில்ஃபர்டில் 1993இல் கிரீன்ஸ்போரோ, ஹை பாயின்ட், கவுன்டி என்று மூன்றும் ஒன்றாயின. இன்றும் 100 கவுன்டிக்கு 115 மாவட்டங்கள் மிச்சம். ஆரஞ்ச் கவுன்டியில் சாப்பல் ஹில்–கார்போரோ தனி. ஹாலிஃபேக்ஸ் கவுன்டியில், அவ்வளவு சிறிய இடத்தில், மூன்று மாவட்டங்கள். இது பாகுபாட்டை நிலைநிறுத்துகிறது என்று வழக்குப் போட்டார்கள். 2018இல் மாநில உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டப்படி அந்தப் பொறுப்பு மாநிலத்துடையது, கமிஷனர்கள்மேல் இந்த வழக்கு நிற்காது என்று தள்ளிவிட்டது. யார் சரிசெய்வது என்பது அந்தரத்திலேயே நிற்கிறது.

பள்ளியை மூடுவது தனி. அதற்கு போர்டு முறையான ஆய்வு செய்து, பொது விசாரணை நடத்தி, மக்கள் பேச வாய்ப்புக் கொடுத்த பிறகே வாக்களிக்கலாம் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது.

#5 மஞ்சள்பஸ்

பழையதாள் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். "ரெண்டு ஆபீஸ் ஒண்ணானா செலவு மிச்சம்" என்று எல்லா ஊரிலும் சொல்லித்தான் இணைப்பைத் தொடங்குவார்கள். மிச்சம் வருவது அபூர்வம். காரணம் சம்பளம். மாநிலச் சம்பளத்துக்கு மேல் ஒவ்வொரு மாவட்டமும் உள்ளூர்ப் பணத்தில் ஒரு சப்ளிமென்ட் தரும். நகரத்தில் அதிகம், கவுன்டியில் குறைவு என்று இருந்தால், சேர்ந்தபின் யாருடைய சம்பளத்தையும் குறைக்க முடியாது. எல்லாரையும் உயர்ந்த அளவுக்கு ஏற்றியாகணும். ஒரு சூப்பரின்டென்டென்ட் சம்பளம் மிச்சமாகும், பல நூறு ஆசிரியர்களுக்குச் சப்ளிமென்ட் கூடும். பிறகு இரண்டு விதப் பாடநூல், இரண்டு கணக்கு முறை, பழைய பாண்டுக் கடன் (கட்டடத்துக்காகக் கடன்பத்திரம் விற்று வாங்கியது), நகரத்தில் மட்டும் வசூலித்த கூடுதல் பள்ளி வரி, இதெல்லாம் தனித்தனியாகத் தீர்க்கணும். முதல் மூன்று நான்கு வருடத்துக்குச் செலவு கூடும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நேர்மை.

இணைப்பின் லாபம் ஆபீஸில் இல்லை. காலி நாற்காலியைக் கவுன்டி முழுக்கப் பயன்படுத்தலாம் என்பதில் இருக்கிறது.

#6 செல்வி_ராலி

"காலி நாற்காலியைப் பயன்படுத்துவது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம் அண்ணா. அந்த நாற்காலி யாருடைய தெருவில் இருந்தது, யார் பஸ் ஏறினார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

1982இல் நடு ராலியிலும் தென்கிழக்கு ராலியிலும் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை ஒரே அடியில் மேக்னெட் ஆக்கினார்கள். இசை, நடனம், மொழிகள், கூடுதல் கணிதம் என்று புறநகரில் இல்லாத பாடங்களை வைத்து, புறநகர்ப் பிள்ளைகள் தாங்களாகவே விரும்பி வரும்படி செய்தார்கள். கட்டாயப்படுத்தியதைவிட இது நன்றாக வேலை செய்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இடங்களைக் காலியாக்க, பள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்த கறுப்பினப் பிள்ளைகளைப் புறநகருக்கு அனுப்பினார்கள். புறநகர்க் குடும்பத்துக்கு விண்ணப்பம், இவர்களுக்கு உத்தரவு.

லிகன் பள்ளியைப் பாருங்கள். 1953இல் திறந்தது, ராலியின் கறுப்பினச் சமூகத்தின் உயர்நிலைப் பள்ளி. 1971க்குப் பிறகு அது உயர்நிலைப் பள்ளியாக இல்லை. இன்று பெயர்பெற்ற மேக்னெட் நடுநிலைப் பள்ளி. கட்டடம் காப்பாற்றப்பட்டது. ஆனால் அந்தச் சமூகம் தன் உயர்நிலைப் பள்ளியை இழந்தது. மாநிலம் முழுக்க இதே கதைதான். ஆனால் ஹைட் கவுன்டியில் கறுப்பினக் குடும்பங்கள் 1968–69 கல்வியாண்டு முழுவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் போராடி, மூடவிருந்த தங்கள் இரண்டு பள்ளிகளைக் காப்பாற்றினார்கள்.

#7 பழையதாள்

செல்வி சொல்வது சரி. இணைப்பு வேண்டும் என்று நினைக்கும் எனக்கும் அதுதான் அந்தத் திட்டத்தின் பெரிய குறை. பாரம் சமமாகப் பகிரப்படவில்லை.

#8 அறைக்கணக்கு

தேன்மொழி கேட்ட 'கேப்' விஷயத்துக்கு வருகிறேன். "இந்தப் பள்ளிக்கு 800 இடம்" என்கிற எண் செங்கல்லில் எழுதியது இல்லை, அது மாறும். மாற்றியது 2018 சட்டம். கிண்டர்கார்டன் முதல் மூன்றாம் வகுப்பு வரை வகுப்பின் அளவுக்குப் படிப்படியாக வரம்பு வந்தது. 2021–22 முதல் மாவட்டச் சராசரி: கிண்டர்கார்டன் 18, முதல் வகுப்பு 16, இரண்டும் மூன்றும் 17. எந்த ஒரு வகுப்பும் சராசரியைவிட 3 பிள்ளைதான் கூடலாம். நான்காம் வகுப்புக்கு மேல் மாநில வரம்பு இல்லை.

40 வகுப்பறை உள்ள ஓர் ஆரம்பப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். கிண்டர்கார்டன் முதல் மூன்று வரை ஒவ்வொன்றுக்கும் 7 அறை, நான்குக்கும் ஐந்துக்கும் 6 அறை. சராசரிப்படி நிரப்பினால் 126, 112, 119, 119. மேல் வகுப்புகளில் அறைக்கு 23 வைத்தால் 138, 138. மொத்தம் 752. சட்டத்துக்கு முன் அதே 28 கீழ்வகுப்பு அறைகளில் 22 பேர் உட்கார்ந்திருந்தால் அதுவே 892. கட்டடம் அதே கட்டடம். ஒரு சுவரையும் இடிக்காமல் 140 இடம் போய்விட்டது. வகுப்பு சிறிதாவது பிள்ளைகளுக்கு நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கூடுதல் அறைக்குப் பணம் ஒதுக்காமல் வரம்பை மட்டும் விதித்தால், இசை அறையும் ஓவிய அறையும்தான் முதலில் வகுப்பறை ஆகும். இசை ஆசிரியர் தள்ளுவண்டியோடு வகுப்பு வகுப்பாகப் போவார்.

#9 தேன்மொழி_ஏபெக்ஸ்

அருமை. அப்படியே ட்ராக் கணக்கையும் போடுங்கள் சார். "மூன்றில் ஒரு பங்கு இடம் கூடும்" என்கிறார்களே?

#10 அறைக்கணக்கு

காகிதத்தில் கூடும். நான்கு ட்ராக், 45 நாள் வகுப்பு, 15 நாள் விடுமுறை. எந்த நேரமும் மூன்று ட்ராக் உள்ளே, ஒன்று வெளியே. ஆகவே 100 நாற்காலிக்கு 133 பிள்ளை.

இப்போது அதே 40 அறை. மூன்று ட்ராக் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பதால் ஒரு ட்ராக்குக்கு 13 அறை, ஒன்று மிச்சம். ஆறு வகுப்புக்கும் தலா 2 அறை, 12 ஆயிற்று. மேலே சொன்ன சராசரிப்படி 36, 32, 34, 34, 46, 46. கூட்டினால் 228. பதின்மூன்றாவது அறையை முதல் வகுப்புக்குக் கொடுத்தால் இன்னொரு 16, மொத்தம் 244. நான்கு ட்ராக்குக்கு 976. 752லிருந்து 976, அதாவது 30 சதவீதம் கூடுதல். விளம்பரம் செய்ததற்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

தவறு எங்கே நேர்கிறது என்றால், நான்கு ட்ராக்கும் ஒரே அளவு நிரம்பாது. ட்ராக் 4 மரபான கோடை விடுமுறைக்கு மிக நெருக்கமானது, எல்லாரும் அதையே கேட்பார்கள். மற்றவற்றில் இரண்டு ட்ராக் 85 சதவீதம்தான் நிரம்பின என்று வையுங்கள். ட்ராக்குக்கு 37 இடம் காலி, இரண்டுக்கும் 74. மொத்தம் 902. லாபம் 20 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. ஒரு ட்ராக்கில் மூன்றாம் வகுப்புக்கு 26 பேர் சேர்ந்தால் ஒரு வகுப்புக்கு அதிகம், இரண்டுக்குக் குறைவு. இரண்டாம், மூன்றாம் வகுப்பைக் கலந்து ஒரே அறையில் வைப்பார்கள், அல்லது அந்த ட்ராக்கை மூடி வேறு ட்ராக்கில் சேரச் சொல்வார்கள். பெற்றோர் கோபப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வேறு சங்கடங்களும் உண்டு. ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை சில ஆசிரியர்கள் அறையைக் காலி செய்து எல்லாவற்றையும் சக்கர அலமாரியில் கட்ட வேண்டும். கட்டடம் ஒருநாளும் முழுக்கக் காலியாகாததால் கூரை, ஏசி வேலைகளை இரவிலும் வாரக் கடைசியிலும் செய்ய வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு, ட்ரெய்லரைவிட ட்ராக் மேல் என்பதுதான் என் கருத்து. எட்டு ட்ரெய்லர் போட்டு 160 பிள்ளைகளைக் கூட்டினால் எல்லாரும் ஒரே நாளில் உள்ளே இருப்பார்கள். சாப்பாட்டுக் கூடம், கழிவறை, கார் வரிசை எதுவும் வளராது. 250 பேர் உட்காரும் கூடத்தில் 750 பேர் மூன்று பந்தியில் சாப்பிடலாம். 910 என்றால் நான்காவது பந்தி. முதல் பந்தி பத்தரைக்கே தொடங்கும், கடைசிப் பந்திக்காரர்கள் ஒன்றரை மணிக்குப் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். நான்கு ட்ராக்கில் 976 பேர் சேர்ந்திருந்தாலும் ஒருநாளில் உள்ளே இருப்பது 732தான்.

#11 கார்னர்_வாசகன்

இதை எல்லாரும் விரும்பி ஏற்றார்களா, இல்லை திணித்தார்களா?

#12 பழையதாள்

முதலில் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். 2006 வாக்கில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் கூட, அந்த ஆண்டு வாக்காளர்கள் 97 கோடி டாலர் பாண்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தொகையே, பல பள்ளிகளை இயர்ரவுண்ட் ஆக்கினால்தான் போதும் என்ற கணக்கில் போடப்பட்டது. 2007இல் 19 ஆரம்பப் பள்ளிகளையும் 3 நடுநிலைப் பள்ளிகளையும் மாற்றினார்கள். பெற்றோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட, நீதிபதி ஹவர்ட் மேனிங், பெற்றோர் சம்மதமில்லாமல் கட்டாய இயர்ரவுண்டுக்கு அனுப்பக்கூடாது என்று தீர்ப்பளித்தார். போர்டு சம்மதப் படிவம் அனுப்பிக் கையெழுத்து வாங்க வேண்டியதாயிற்று. 2009 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் போர்டுக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. சட்டத்தில் போர்டு வென்றது. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் தேர்தலில் மக்கள் போர்டையே மாற்றிவிட்டார்கள்.

மாநிலத்தின் 2004 காலண்டர் சட்டமும் இதில் ஒரு கண்ணி. மரபான பள்ளிகள் ஆகஸ்ட் 26க்கு அருகிலுள்ள திங்கட்கிழமைக்கு முன் தொடங்கக்கூடாது. இயர்ரவுண்டுக்கு மட்டும் விலக்கு, ஜூலையிலேயே தொடங்கலாம். உயர்நிலையில் படிக்கும் அக்காவுக்கு ஒரு காலண்டர், ஆரம்பப் பள்ளித் தம்பிக்கு வேறொன்று என்று ஒரே வீட்டில் ஆவது இதனால்தான்.

#13 செல்வி_ராலி

2009 தேர்தலுக்கு இயர்ரவுண்ட் மட்டும் காரணமில்லை. பின்புலம் இது: முதலில் போர்டு இனவிகிதம் பார்த்துப் பிள்ளைகளை ஒதுக்கியது. 1999இல் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வர்ஜீனியா, மேரிலாந்து வழக்குகளில் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2000இல் வேக் அளவுகோலை மாற்றியது: எந்தப் பள்ளியிலும் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறுபவர்கள் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வகுப்புத் தரத்துக்குக் கீழே படிப்பவர்கள் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நாடே திரும்பிப் பார்த்த கொள்கை இது. எல்லாப் பள்ளியிலும் எட்டினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வறுமை ஒரே பள்ளியில் குவியாமல் தடுத்தது.

வளர்ச்சியும் இந்தக் கொள்கையும் சேர்ந்தபோது எல்லை மாற்றம் தொடர்கதை ஆனது. 2009 தொடக்கத்தில் மூன்றாண்டுத் திட்டத்தில் இருபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை இடம் மாற்ற முடிவெடுத்தார்கள். புதிய பள்ளி திறக்கும்போது அதை நிரப்பத்தான் பெரும்பாலான மாற்றமும். ஆனால் மக்கள் மனதில் பதிந்தது 'பஸ் ஏற்றி அனுப்புகிறார்கள்' என்பதே. புதிய போர்டு 5–4 பெரும்பான்மையில் 2010 மார்ச்சில் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. சூப்பரின்டென்டென்ட் டெல் பர்ன்ஸ் அதற்கு முன்பே, மனசாட்சிப்படி இதில் பங்கேற்க முடியாது என்று விலகலை அறிவித்துவிட்டார்.

கொள்கையைக் கைவிட்ட பிறகாவது எல்லை நிலைத்ததா? இல்லை. பிள்ளைகள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். எல்லை மாறியதற்கு முதற்காரணம் வளர்ச்சி. அதைப் பலர் கொள்கைமேல் சுமத்திவிட்டார்கள்.

#14 மஞ்சள்பஸ்

அதற்கப்புறம் வந்த 2012 சாய்ஸ் திட்டத்தில் பஸ் எப்படித் தடுமாறியது என்று சொல்கிறேன். இது எந்த வளரும் கவுன்டிக்கும் பொருந்தும்.

ஒரு பஸ் காலையில் மூன்று பள்ளிக்கு ஓடும். முதலில் உயர்நிலை ஏழரைக்கு முன், அடுத்து எட்டேகால் வாக்கில், கடைசி ஒன்பதேகால் வாக்கில். மணிகளுக்கு நடுவில் இருக்கிற ஐம்பது அறுபது நிமிடத்துக்குள் இறக்கி, அடுத்த பகுதிக்குக் காலியாக ஓடி, ஏற்றிக் கொண்டுவரணும். பஸ்ஸில் 24 இருக்கை. சின்னப் பிள்ளைகள் இருக்கைக்கு மூவர் என்று 72. உயர்நிலைப் பிள்ளைகள் இருவர்தான், 48. ஒரு தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பள்ளிக்குப் போனால் நான்கு நிறுத்தத்தில் பஸ் நிரம்பும். அதே தெருவிலிருந்து ஐந்து பள்ளிக்குப் போனால் ஐந்து பஸ் அதே தெருவுக்கு வரணும், ஒவ்வொன்றிலும் பத்துப் பிள்ளை.

2012இல் பெற்றோருக்குப் பட்டியல் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், பிள்ளைகள் சிதறினார்கள். அதே சமயம் ஐம்பதுக்கு மேல் பஸ்ஸையும் குறைத்தார்கள். ஆகஸ்டில் பிள்ளைகள் மணிக்கணக்கில் சாலையோரம் நின்றார்கள். செப்டம்பரில் போர்டு சூப்பரின்டென்டென்ட் டோனி டாட்டாவை நீக்கியது. அதற்குப் போர்டுக்குள் வேறு மோதல்களும் உண்டு, பஸ் மட்டும் இல்லை. திட்டத்தையும் கைவிட்டு, மறுபடி வீட்டு முகவரிக்கு ஒரு பேஸ் பள்ளி என்ற முறைக்கே வந்தார்கள்.

பஸ்ஸைக் குறைக்கத் தூண்டுவது மாநிலத்தின் நிதி முறை. எத்தனை பஸ், எத்தனை டாலர், எத்தனை பிள்ளை என்று பார்த்துத் திறன் மதிப்பீடு போட்டு, அதன்படிதான் பணம். பழைய பஸ்ஸுக்குப் பதில் பஸ் மாநிலம் தரும். வளர்ச்சிக்காகக் கூடுதல் பஸ் வேண்டுமென்றால் உள்ளூர்க்காரர்களே வாங்கணும். வளர்கிற கவுன்டிக்கு இது நேரடியான தண்டனை.

#15 நூஸ்கரை

பணம் பற்றிச் சொன்னதால் இதையும். வட கரோலினாவில் பள்ளி போர்டுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. பள்ளி எங்கே வேண்டும், எல்லை எது என்பதைப் போர்டு முடிவு செய்யும். சொத்துவரி, பாண்டு எல்லாம் கவுன்டி கமிஷனர்கள் கையில். புதுக் குடியிருப்புக்கு அனுமதி கொடுப்பது ஏபெக்ஸ், கேரி போன்ற நகர நிர்வாகங்கள். மூன்று பேரும் மூன்று தேர்தலில் ஜெயித்து வருபவர்கள். ஒரு நகரம் இரண்டாயிரம் வீட்டுக்கு அனுமதி கொடுத்தால், இடம் தேடும் பொறுப்பு வேறொருவர் தலையில் விழுகிறது. 'கேப்' பிறப்பது இந்த இடைவெளியில்தான். 2006க்குப் பிறகு 2013இல் 81 கோடி, 2018இல் 54.8 கோடி, 2022இல் 53.07 கோடி டாலர் என்று பாண்டுகள் வந்தன. பாண்டு ஜெயித்த நாளிலிருந்து பள்ளி திறக்க மூன்று முதல் ஐந்து ஆண்டு. வீடு ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும்.

நிலமும் சுலபம் இல்லை. நூஸ் ஆற்றுப் படுகையில் ஓடைக்கு இருபுறமும் 50 அடி கட்டக்கூடாது. மேற்கே ஜோர்டன் ஏரிப் பக்கமும் அதே மாதிரி விதி. 25 ஏக்கர் வாங்கினால் ஓடை, மழைநீர்க் குட்டை, சரிவு எல்லாம் கழித்து 15 ஏக்கர் கட்டக் கிடைத்தால் நல்லது. கார் வரிசை நெடுஞ்சாலைக்கு வழியாமல் பள்ளி வளாகத்துக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பதும் பல ஏக்கரைத் தின்றுவிடும்.

#16 ஆஷ்பர்ன்_அரசி

நாங்கள் வர்ஜீனியா லவுடன் பக்கம். இங்கே இடம் போதாத பிரச்சினையும் உண்டு, அதன் தலைகீழும் உண்டு. 1990இல் 86,129 பேர் இருந்த கவுன்டியில் 2020இல் 4,20,959. கிழக்கே பள்ளி கட்டக் கட்டப் போதவில்லை. மேற்கே கிராமங்களில் நூறு சொச்சம் பிள்ளைகளோடு சிறு பள்ளிகள். இரண்டும் ஒரே கவுன்டியில். முதல்வர், செவிலியர், அலுவலகம், சமையலறை, காவலர் என்று அடிப்படைச் செலவு நூறு பேருக்கும் எழுநூறு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் சிறு பள்ளிகளைச் சேர்க்கும் பேச்சு பட்ஜெட் வரும்போதெல்லாம் எழும். மிடில்பர்க் 2014இலும் ஹில்ஸ்பரோ 2016இலும் சார்ட்டர் பள்ளியாக (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் பள்ளி) மாறித் தங்கள் கட்டடத்தைக் காப்பாற்றிக்கொண்டன. செயின்ட் லூயிஸ் கிராமத்தின் பானக்கர் பள்ளி 1948இல் கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் திறந்தது. அதை வெறும் இடக் கணக்காகப் பார்க்க முடியாது. ஒரு பள்ளிக்கு ஆகும் தலைக்கணக்குச் செலவைக் காட்டும் அதே அறிக்கையில், மூடினால் கூடும் பஸ் நேரத்தையும் காட்டச் சொல்லுங்கள். அந்த வரி பெரும்பாலும் இருக்காது.

#17 அறைக்கணக்கு

அரசி அக்கா சொன்னது வேக்குக்கும் வந்துகொண்டிருக்கிறது. 2011இல் மாநிலம் சார்ட்டர் பள்ளிகளுக்கான 100 என்ற உச்சவரம்பை நீக்கியது. 2023இல் தனியார் பள்ளி உதவித்தொகையை வருமான வரம்பில்லாமல் எல்லாருக்கும் திறந்தது. பிறப்பு விகிதமும் குறைகிறது. ஆகவே கவுன்டியின் மக்கள்தொகை கூடினாலும் பள்ளிச் சேர்க்கை அதே வேகத்தில் கூடுவதில்லை. தென்மேற்கில் கேப், உள்வட்டத்தில் காலி அறை. 1976இல் இருந்த அதே படம். வித்தியாசம், நடுவில் இப்போது மாவட்டக் கோடு இல்லை. அதனால் போர்டு கையில் எல்லை மாற்றம், மேக்னெட், காலண்டர் மாற்றம் என்ற கருவிகள் உள்ளன. இயர்ரவுண்ட் நிரம்பாத பள்ளிகளில் நான்கு ட்ராக்கை ஒன்றாக்குவதும் அதில் ஒன்று. நான்கு ட்ராக்குக்கு வகுப்பைப் பிரிக்கும் வீணடிப்பு அதில் மிச்சம்.

#18 தேன்மொழி_ஏபெக்ஸ்

எல்லாருக்கும் நன்றி. வீடு வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கோர்வையாகச் சொல்லுங்கள்.

#19 நூஸ்கரை

வீடு விற்பவர் சொல்லும் பள்ளியை நம்பாதீர்கள். பள்ளி மாவட்டத்தின் முகவரித் தேடலில் வீட்டு எண்ணையே போட்டுப் பாருங்கள், எதிர்ப்பக்கத்து வீட்டுக்கு வேறு விடை வரலாம். இந்த ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பிறகு கேப் பட்டியல். கேப் உள்ள பள்ளியென்றால் ஓவர்ஃப்ளோ எது, இடம் காலியானால் திரும்பி வர வரிசை உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே அந்த எல்லைக்குள் குடியிருந்து படிப்பவர்களைக் கேப் தொடாது, புதிதாகக் குடிவருபவர்களைத்தான் தொடும்.

அடுத்து, அருகில் கட்டிக்கொண்டிருக்கும் அல்லது பாண்டில் இருக்கும் பள்ளி. இரண்டு மூன்று மைலுக்குள் புதுப் பள்ளி வருகிறதென்றால் உங்கள் எல்லை மாறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லைத் திட்டத்தின் வரைவு வழக்கமாக இலையுதிர் காலத்தில் வெளியாகும். கருத்துச் சொல்ல அவகாசம் தருவார்கள், திருத்திய வரைவு வரும், பிறகு போர்டு வாக்களிக்கும். "எங்களை மாற்றாதீர்கள்" என்று நூறு பேர் எழுதுவதைவிட, "எங்கள் குடியிருப்பை இரண்டாகப் பிரித்திருக்கிறீர்கள், இந்தச் சாலையை எல்லையாக வைத்தால் ஒன்றாக இருக்கும், இரு பள்ளிக்கும் எண்ணிக்கை இவ்வளவு வரும்" என்று ஒருவர் எழுதுவது பலன் தரும். முதல் வரைவிலேயே எழுதுங்கள். கடைசிக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசுவதற்குள் பஸ் வழி, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் அந்த வரைபடத்தின்மேல் போடப்பட்டிருக்கும்.

மேக்னெட் வேண்டுமென்றால் விண்ணப்பக் காலம் தனி. உடன்பிறப்பு ஏற்கெனவே படிப்பவர்களுக்கும், நெருக்கடியான பேஸ் பள்ளிப் பகுதியினருக்கும் முன்னுரிமை. யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதற்கு மதிப்பில்லை, கடைசித் தேதிக்குள் கொடுத்தால் போதும்.

#20 மஞ்சள்பஸ்

ஒரு சேர்க்கை. எல்லை மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடர அனுமதி கேட்கலாம், குறிப்பாகக் கடைசி ஆண்டுப் பிள்ளைகளுக்கு. கிடைத்தாலும் பெரும்பாலும் பஸ் கிடையாது, காரில் நீங்களேதான் விடணும். அனுமதி அந்தப் பிள்ளைக்கு மட்டும். அடுத்த வருடம் கிண்டர்கார்டன் சேரும் தம்பிக்குத் தானாக வராது, அவனுக்குத் தனியாக விண்ணப்பிக்கணும்.